தகரத்துக்கு அந்தப் பக்கத்துக் காற்று

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பக்கத்து ஷெட்காரரிடமிருந்து தகவல் வந்தது. பக்கத்து ஷெட்காரர் என்றால் வேறு யாரோ இல்லை, என் கூடப்பிறந்த அண்ணன் அர்த்தநாரிதான். போன ஆனியில் ஷெட்டுக்கு நடுவே தகரம் அடித்ததிலிருந்து இந்த டைரியில் அவருக்கு அதுதான் பெயர். தகவலும் நேரே வரவில்லை. அவர் அண்ணியிடம் சொல்லி, அண்ணி என் வீட்டுக்காரி சாந்தாமணியிடம் சொல்லி, அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“உங்கண்ணனுக்குப் பள்ளிக்கூடத்து வேனுங்களுக்குப் பெயிண்ட் அடிக்கற வேலை வருதாமுங்க. நாள் பூரா அடிக்கோணுமாம். இந்த மாசத்துக்கு மேல உங்களுக்குக் காத்துக் குடுக்க முடியாதுன்னு சொல்லச் சொன்னாங்களாம்.”

நல்லது. ரொம்ப நல்லது.

ஷெட்டைப் பிரித்தபோது வண்டிக்கு அடியில் இறங்கும் குழி எனக்கு வந்தது, கம்ப்ரசர் அவருக்குப் போனது. நான் மெக்கானிக். அவர் வண்டிப் பெயிண்டர், காற்று இல்லாமல் அவருக்குப் பிழைப்பே இல்லை என்பதால் அது நியாயம்தான். எனக்கு வேண்டிய காற்று தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக ஒரு ஹோஸில் வருகிறது. அதில்தான் என் ஏர் கன் ஓடுகிறது, வீல் நட்டுகளைக் கழற்றுகிறேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. நான் இந்தப் பக்கம் கன்னை அழுத்தினால் அந்தப் பக்கம் காற்றின் வேகம் குறைந்து, அவர் அடிக்கிற பெயிண்ட் பொட்டுப் பொட்டாகத் துப்பும். அதனால் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பழக்கம். அழுத்துவதற்கு முன்னால் நான் “அண்ணா, காத்து!” என்று கத்துவேன். அவர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தால் “இரு!” என்பார். இல்லாவிட்டால் “எடுத்துக்கோ!” என்பார்.

தகரம் வந்த பிறகு என் சத்தத்திலிருந்து ‘அண்ணா’ உதிர்ந்துவிட்டது. அவருடைய ‘எடுத்துக்கோ’ சுருங்கி ‘எடு’ ஆகிவிட்டது. இந்த மூன்று சொல்லைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை. தேவையும் இல்லை.

பேட்டரி கன் ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான். ஹோஸும் வேண்டாம், கத்தவும் வேண்டாம்.

பிப்ரவரி 5, புதன்

செல்போனில் பேட்டரி கன் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். மஞ்சள் கம்பெனி, பச்சைக் கம்பெனி, நீலக் கம்பெனி என்று நிறத்தை வைத்துத்தான் எங்கள் தொழிலில் அடையாளம். ஒவ்வொரு பெட்டியிலும் இவ்வளவு பலம் என்று ஒரு எண் போட்டிருக்கிறான். கல்யாணத் தரகர் சொல்கிற மாப்பிள்ளை சம்பளம் மாதிரி அதில் பாதியை நம்பலாம்.

பிரேக் வேலை இரண்டு. கிளட்ச் ஒன்று.

பிப்ரவரி 7, வெள்ளி

சேலம் போனேன். டூல்ஸ் கடை யுவராஜ் எனக்குப் பழக்கம். மூன்று கன்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தார்.

“அண்ணா, நீங்க வண்டி வேலைக்குத்தானே கேக்கறீங்க? அரை இஞ்ச் கன் எடுங்க. பலத்த மட்டும் பாக்காதீங்க. கனத்தப் பாருங்க, பேட்டரியப் பாருங்க. நாள் முழுக்கத் தூக்கப்போறது உங்க கைதான்.”

சரியான பேச்சு. ஆனாலும் ஆசை யாரை விட்டது? மூன்றில் பெரியதான மஞ்சளைக் கையில் எடுத்தேன். “ஒவ்வொண்ணா கொண்டுபோய் ஓட்டிப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க” என்று கொடுத்தனுப்பினார். நட்டைக் கவ்வும் சாக்கெட்டில் பளபளவென்று இருக்கும் சாதாரணத்தை மாட்டினால் வெடித்துவிடும், கறுப்பு சாக்கெட்தான் போட வேண்டும் என்று நாலு தடவை சொன்னார். எனக்கே சொல்கிறார்.

பிப்ரவரி 8, சனி

மஞ்சள் கன் எருமைக்கடா பலம். அவிழ்க்காத நட்டே இல்லை. என்னுடைய பழைய வேனில் சும்மா ஒரு சக்கரத்தை முடுக்கிப் பார்த்தேன், நட்டு ஏறுகிற ஸ்டட்டே முறிந்து கையோடு வந்துவிட்டது. எந்தக் கன்னாக இருந்தாலும் அவிழ்க்கத்தான், கடைசி முடுக்கு அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்துக் கையால்தான் என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிற ஆள் நான். யாரும் பார்க்கவில்லை. ஆனால் தகரத்துக்குக் காது உண்டு. அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கனமும் அதிகம். மதியத்துக்குள் தோள்பட்டை விட்டுப்போனது. இது வேண்டாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ஷெட்டுக்கு லீவு. மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வந்தோம்.

மத்தியானம் அண்ணி வீட்டுக்கு வந்தார்கள். குங்குமம் கொடுத்துவிட்டு, மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தாரணிக்கு வளைகாப்பு என்றார்கள். தாரணி அவர்களின் ஒரே பெண். எனக்குப் பிள்ளை இல்லை. அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதெல்லாம் நான்தான். வண்டியில் முன்னால் நின்றுகொண்டு ஹாரனை விடாமல் அடிப்பாள்.

“நீங்க வந்து சொன்னது சந்தோசமுங்க அண்ணி” என்றேன். சித்தப்பனை அழைக்க வேண்டியது பெண்ணின் அப்பன். அவர் வாயால் அழைக்காமல் நான் எப்படிப் போவேன்?

அண்ணி போனதும் சாந்தாமணி ஆரம்பித்தாள்.

“கல்யாணத்துல கை நனைக்காம வந்தது நீங்கதானுங்க. அவுங்க எந்த மூஞ்சிய வெச்சுட்டு மறுபடி கூப்புடுவாங்க?”

இதை எழுதி வைப்பது நல்லது, பின்னால் யாராவது வேறு மாதிரி சொல்லுவார்கள். போன வைகாசியில் தாரணியின் கல்யாணம். பத்திரிகையில் என் பெயர் அண்ணியின் தம்பிக்கும் கீழே, ‘மற்றும் உற்றார் உறவினர்’ என்பதற்குச் சரியாக ஒரு வரி மேலே இருந்தது. சொந்தச் சித்தப்பன் நான். அதற்காகவெல்லாம் நான் சாப்பிடாமல் வரவில்லை. அன்றைக்கு வெயில். வயிறு சரியில்லை. தாலி கட்டினதைப் பார்த்தேன், அட்சதை போட்டேன், வந்துவிட்டேன். பந்தியில் எனக்கென்று ஒரு இலையைப் போட்டு வைத்துக்கொண்டு அவர் கடைசி வரைக்கும் நின்றிருந்தார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நின்றிருக்கட்டும்.

அடுத்த மாதமே தகரம் வந்துவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

மஞ்சளைக் கொடுத்துவிட்டுப் பச்சையை வாங்கி வந்து இரண்டு நாளாயிற்று. நல்ல அடக்கமான கன், பெண்பிள்ளைகூடத் தூக்கலாம். வீல் நட்டெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கிறது. இன்று ஒரு டாக்சிக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டியிருந்தது. அதில் கிராங்க் புல்லி போல்ட் என்று ஒன்று உண்டு, மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிக்கவே செய்தது. பச்சை அதன்மேல் அரை நிமிடம் தடதடத்தது. போல்ட் அசையவில்லை, பேட்டரி தீர்ந்துபோனது.

ஏர் கன்னை எடுத்தேன்.

“காத்து!”

“இரு!”

நின்றேன். அந்தப் பக்கம் ஸ்ப்ரே சீராக ஓடுகிற சத்தம். ஒரு கை அடித்து, திரும்பி, மறு கை அடிக்கிற தாளம் எனக்குத் தெரியும். கதவா, பானெட்டா என்றுகூடச் சொல்லிவிடுவேன். இது பானெட். சத்தம் நின்றது.

“எடு.”

போல்ட் இரண்டு அழுத்தில் கழன்றது. டாக்சிக்காரர், “ரெண்டு கன்னு எதுக்குங்ணா? இதே ஜோரா இருக்குதே” என்றார். அவருக்கு என்ன தெரியும்.

பச்சை வேண்டாம். சாக்கெட் மாட்டுகிற இடத்தில் வளையம் வேறு லூஸாக இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

சாந்தாமணி கேட்கிறாள்: “ஏனுங்க, பொண்ணுப் பாக்கப் போனப்பக்கூட என்னைய இவ்வளவு நொட்டை சொல்லலீங்களே?”

அன்றைக்கு அண்ணன் கூட இருந்தார். சரி என்று முதலில் சொன்னதே அவர்தான். இதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று மின்வாரியப் பராமரிப்பு நாள். காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. கம்ப்ரசர் ஓடவில்லை. வாங்கி வந்திருந்த நீலக் கன்னுக்கு மட்டும் வேலை. அதன் பேட்டரியை நேற்றே ஏற்றி வைத்திருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் அந்தப் பக்கம் ஒரு சத்தம். எல் ஸ்பேனரைச் சக்கர நட்டில் மாட்டி அதன்மேல் ஏறி மிதிக்கிற சத்தம். சக்கரத்தின் மேல் வளைவில் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வழக்கமாக அதை நான் கழற்றிக் கொடுப்பேன். தகரம் வந்த பிறகு அவரேதான் மிதிக்கிறார். ஐம்பத்தி நாலு வயசில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு. மிதி, மூச்சு, மிதி, மூச்சு. ஒருதரம் ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது, கூடவே அவரும் விழுந்தாரோ என்னவோ, ‘ஆத்தா’ என்றார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்களிடம் இருப்பது மூன்று சொல். அந்த மூன்றில் எதுவும் இதற்கு ஆகாது.

தகரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருக்கிறது. நீலக் கன்னில் கறுப்பு சாக்கெட்டை மாட்டி, அவிழ்க்கிற பக்கம் பட்டனைத் தள்ளி வைத்து, அந்த இடைவெளி வழியாக உள்ளே தள்ளினேன். பிறகு குழிக்குள் இறங்கி, இல்லாத வேலையைப் பார்த்தேன்.

அப்புறம் டர்ர்ர் என்றது. நாலு நட்டு. கொஞ்சம் விட்டு, இன்னும் நாலு.

நான் மேலே ஏறி வந்தபோது கன் திரும்ப என் பக்கம் கிடந்தது. நான் கொடுத்தபோது அதில் கிரீஸ் இருந்தது. இப்போது பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

அண்ணி சாந்தாமணியிடம் சொன்னார்களாம்: “நீலம் நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க.”

யார் கேட்டார்கள் இவரை? கன் என்னுடையது. நீலம் எனக்குப் பிடிக்காத நிறம்.

பிப்ரவரி 22, சனி

நீலத்தில் குறை கண்டுபிடிக்க நான்கு நாளாக முயல்கிறேன். கனம் அளவாக இருக்கிறது. கிராங்க் போல்ட்டைக் கழற்றிவிட்டது. நட்டு அவிழ்ந்ததும் கன் தானாக நின்றுவிடுகிறது, நட்டு கீழே விழுந்து உருளுவதில்லை. சாக்கெட் கச்சிதமாக உட்காருகிறது. ஒரு பேட்டரி ஒரு நாள் வேலைக்குத் தாங்குகிறது. யுவராஜுக்குப் போன் செய்து, இன்னொரு கம்பெனி சிவப்பில் ஏதோ விட்டிருக்கிறானாமே என்றேன்.

“அண்ணா, நீங்க கன்னு வாங்கறீங்களா, இல்ல வாங்காம இருக்கறதுக்கு வழி தேடறீங்களா?”

வியாபாரிக்கு இவ்வளவு வாய் ஆகாது.

பிப்ரவரி 24, திங்கள்

ஏர் கன்னுக்கு இன்று ஐந்து தடவை காற்று எடுத்தேன். நீலம் மேசைமேல் சும்மா இருந்தது. ஐந்து தடவையும் ‘எடு’ என்றார். ஒருதரம்கூட ‘இரு’ இல்லை. வேன் வேலை என்று சொன்ன ஆள் நாள் பூரா சும்மாதான் இருக்கிறார் போல. மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான்.

சாப்பிடும்போது சாந்தாமணி சொன்னாள்: “வாங்கிப்போட்டா அப்பறம் அந்தப் பக்கம் பாத்து எதுக்குங்க கத்துவீங்க? அதானுங்க உங்களுக்கு.”

“சோத்தப் போடு” என்றேன். போட்டாள்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. வேலை குறைவு.

அவள் சொன்னது உண்மை. இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது. கன்னில் குறை ஒன்றும் இல்லை. ஹோஸ் போய்விட்டால் அவர் குரலும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வார்த்தை, வா என்று ஒரே ஒரு வார்த்தை தகரத்துக்கு மேலாக வந்து விழாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை. எனக்கு அழுகைகூட வந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

மாதக் கடைசி. யுவராஜுக்குப் பணத்தை அனுப்பிவிட்டேன். நீலம் என்னுடையது.

சாயங்காலம் கடைசியாக ஒருதரம் காற்று எடுத்தேன். வேலை ஒன்றும் இல்லை. என் வேனில் ஒரு நட்டை அவிழ்த்து, முடுக்கி, மறுபடி அவிழ்த்தேன்.

“காத்து!”

“எடு.”

அப்புறம் ஹோஸைக் கழற்றிச் சுருட்டி ஓட்டை வழியாக அந்தப் பக்கம் தள்ளினேன். தொப்பென்று விழுந்தது.

மார்ச் 1, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்து நீலத்தில்தான் வேலை. இரண்டு வண்டிக்கு வீல் பேரிங். கன் அருமை. ஷெட்தான் நன்றாக இல்லை. காதில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது.

மத்தியானம் ஒரு கார் சர்வீஸுக்கு வந்தது. ஏர் பில்டரைக் கழற்றினால் உள்ளே சங்ககிரி ரோட்டுப் புழுதி மொத்தமும் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஹோஸ் இருக்கும் பக்கம் திரும்பினேன். வெறும் ஓட்டை இருந்தது.

பலம் பார்த்தேன், கனம் பார்த்தேன், பேட்டரி பார்த்தேன், வளையம் பார்த்தேன். மூன்று வாரமாக உலகத்தில் உள்ள கன்களையெல்லாம் அலசினேன். பேட்டரி கன் நட்டைத்தான் கழற்றும், காற்று ஊதாது என்பது இந்தப் பழம்பெரும் மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை. பில்டரை எதில் ஊதுவது? டயருக்கு எதில் காற்றடிப்பது?

கேட்பதா? நேற்றுத்தான் ஹோஸைத் தூக்கிப் போட்டேன். பில்டரைத் தூணில் தட்டினேன். தப், தப். புழுதி என் மூக்கில் ஏறியது. தப், தப்.

“தட்டாதடா. கிழிஞ்சுரும்.”

தகரத்துக்கு அந்தப் பக்கம், ரொம்பக் கிட்டத்தில். எட்டு மாதத்தில் முதல் முழு வாக்கியம். ஓட்டை வழியாக ஹோஸ் வந்தது, பாம்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. முனையில் கன்னை மாட்டுகிற கப்ளிங் புதிதாகப் போட்டிருந்தது. பழையதில் காற்றுக் கசிகிறது என்று தகரம் வருவதற்கு முன்னாலிருந்தே நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

“ஊது.”

ஊதினேன். வெள்ளையாகிவிட்டது பில்டர். “வேன் வேலைக்குக் காத்து வேணுமுங்களே?” என்றேன்.

“அது தட்டிப் போயிப் பத்து நாளாச்சு.”

“சொல்லவே இல்லீங்க?”

“நீ வந்து கேட்டயா?”

அந்தப் பக்கம் ஒரு டப்பா மூடியைத் திறக்கிற சத்தம். பெயிண்ட்டைக் கலக்க ஆரம்பித்தார். கலக்கிக்கொண்டே பேசினார்.

“பத்திரிகைய அச்சாபீசுக்காரன் வரிசை மாத்திப் போட்டுட்டான். நான் சரியாப் பாக்கல. தப்பு என்னுதுதான். அதுக்குன்னு ஒரு வாய் சாப்புடாம போவயாடா? எலையப் போட்டு வெச்சுட்டு எத்தன நேரம் நின்னேன் தெரியுமா?”

“வயிறு சரியில்லீங்ண்ணா” என்றேன்.

“வயிறு.” கலக்குகிற சத்தம் நின்றது. “நாளைக்காச்சும் சரியா இருக்குமா? அந்தப் புள்ள சித்தப்பா வருவாரா, வருவாரான்னு நச்சரிக்குது. வந்து கை நனைச்சுப்போட்டுப் போ.”

“சரிங்ண்ணா.”

வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, “கண்ணென்னங்க செவந்திருக்குது?” என்றாள். பில்டர் புழுதி என்றேன். நம்பினாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

வளைகாப்பு. தாரணி கையில் வளையல் போட்டேன். “இனி ஹாரன் அடிக்க ஒரு ஆள் வருது சித்தப்பா” என்றாள். அண்ணன் சாம்பார் வாளியோடு என் இலைக்கு எதிரில் வந்து நின்றார். சாப்பிட்டு முடிக்கும் வரை நகரவில்லை. இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டேன். இப்போது நிஜமாகவே வயிறு சரியில்லை.

மார்ச் 3, திங்கள்

கிளட்ச் ஒன்று. பிரேக் ஒன்று. டயருக்குக் காற்றடிக்க மட்டும் ஹோஸ் தேவைப்பட்டது. தகரத்தைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. இருக்கட்டும், வெயிலுக்கு மறைப்பு.

மதியம் ஒரு வண்டிக்குச் சக்கரம் கழற்ற நீலக் கன்னை நட்டில் வைத்தேன். அழுத்துவதற்கு முன்னால், பழக்கதோஷம், வாய் தானாகக் கத்திவிட்டது.

“அண்ணா, காத்து!”

கத்திய பிறகுதான் கையில் இருப்பது பேட்டரி கன் என்று உறைத்தது. வெட்கமாகப் போயிற்று. அந்தப் பக்கம் ஸ்ப்ரே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கன்னின் சத்தமும் அவருக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து பேட்டரி கன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஸ்ப்ரே நின்றது.

“எடுத்துக்கோ!” என்றார் அண்ணன்.